ஏழு தசம் இரண்டுக்காரர்

நோயைக் கேட்காமலே மருந்து சொல்லுகிறவர்கள் ஓர் இனம். அவர்களால் பெரிய தீங்கில்லை. ஒரு கசப்பு மூலிகைக் குடிநீரோடு போய்விடும். நோயையும் கேட்காமல், மருந்தையும் சொல்லாமல், உங்கள் பிறந்த திகதியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாம் விளங்கிவிட்டது என்ற முகத்தோடு கதிரையில் சாய்ந்துகொள்ளுகிறவர்கள் இன்னோர் இனம். கணினியும் கைபேசியும் வந்த பிறகு இந்த இரண்டாவது இனம் வன்னியிலும் நன்றாகப் பெருகிவிட்டது. கருவிக்குப் பிறந்த திகதி அதன் வேர்ஷன், அதாவது பதிப்பு எண்; ஆகவே இவர்களுக்கு 'வேர்ஷன் கேட்பவர்கள்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நீங்கள் சந்தித்திருப்பீர்கள். உங்கள் கைபேசிக்கு அழைப்பு வந்தால் மணி அடிக்க மாட்டேன் என்கிறது என்று அவரிடம் போய் நிற்கிறீர்கள். அவர் அதைக் கையில் வாங்க மாட்டார். கண்ணை இலேசாக மூடிக்கொண்டு, "என்ன வேர்ஷன்?" என்பார். தெரியாது என்றீர்களா, குற்றம் உங்களுடையது. அது தெரியாதவர் கைபேசி வைத்திருக்கலாமா? தேடிப் பிடித்துச் சொன்னீர்களா, அது பழையது. பழையதை வைத்துக்கொண்டு மணி அடிக்கவில்லை என்று அழலாமா? இல்லை, புதியதுதான் என்று நிரூபித்தீர்களா, புதியதில் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். மூன்று வாசல், மூன்றும் பூட்டு. மணி? அது கடைசிவரை அடிக்காது. அதற்காக வெட்கப்படுவதற்கு மட்டும் நீங்கள் பழகிக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள்.

கிளிநொச்சியில், ஒரு பாதணிக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் குகதாசன், இந்த இனத்தில் கலப்பில்லாத அசல். மாமியாரின் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கூடுதலாகக் காட்டியபோது, மாமியாரைப் பார்ப்பதற்கு முதல் கருவியைத் திருப்பி அடியில் என்ன எண் என்று பார்த்தவர். கலியாண வீடொன்றில் வீடியோ எடுக்கிறவரைத் தாலி கட்டுகிற நேரத்தில் மறித்து வைத்து, அவருடைய கமராவில் ஓடும் மென்பொருள் எந்தக் காலத்தது என்று விசாரித்து, மாப்பிள்ளையின் கை மட்டும் தெரியும் ஒரு தாலிகட்டலை அந்தக் குடும்பத்துக்கு என்றென்றைக்குமாகப் பெற்றுக் கொடுத்தவர். வீட்டில் அவருடைய மனைவி புட்டுக் கோப்பையை முன்னால் வைக்கும்போதே, இதற்கு வேர்ஷன் இல்லை, பேசாமல் சாப்பிடுங்கோ என்று முற்கூட்டியே சொல்லிவிடுவாள்.

ஆனால் குகதாசனை வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை தெரியாதவரால் இவ்வளவு ஆபத்து வராது.

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழிலாளர்களுக்காக 'கரைத்துணை' என்ற செயலியை எழுதியவர் அவர்தான். படகில் போகிறவர் தன் கைபேசியில் அதைத் திறந்து வைத்தால், வீட்டில் இருக்கிறவர் தன் கைபேசியில் படகு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். நீலக் கடல், அதன்மேல் ஒரு சின்னப் படகு, அதற்குக் கீழே நேரம். அளம்பில் கரையில் பல வீடுகளில் குசினியில் அடுப்பைப் பார்க்கிற அதே கண் இதையும் பார்த்துக்கொண்டது. அது நல்ல வேலை. ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே தொழில் விடயம் ஒன்றைச் சொல்லவேண்டி இருக்கிறது. ஒரு செயலியை எழுதுகிறவர் முழுவதையும் தானே எழுதுவதில்லை. வரைபடம் காட்டுவது போன்ற பெரிய வேலையை எங்கோ யாரோ எழுதிவைத்திருப்பார்கள். அதை எடுத்து உள்ளே பொருத்திக்கொள்வார். அப்படி எடுக்கிற தொகுதிக்கு லைப்ரரி என்று பெயர். அதை எழுதியவர்கள் பிழைகளைத் திருத்தித் திருத்தி வெளியிடுவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண். குகதாசன் எடுத்த வரைபட லைப்ரரியின் ஆறாம் வரிசையில் ஒரு பொல்லாத பிழை இருந்தது. படகிலிருந்து தகவல் வராமல் நின்றுபோனால், திரையில் படகு கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். கீழே நேரம் மட்டும் 'இப்போது' என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஏழாம் வரிசையில் அதைத் திருத்திவிட்டார்கள். தகவல் நின்றால் படகு சாம்பல் நிறமாக மாறும். கடைசியாக எப்போது தெரிந்தது என்று எழுதும்.

இந்தப் பிழை குகதாசனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறார்.

செயலிக்குள் 'எம்மைப் பற்றி' என்று ஒரு பக்கம் உண்டு. செலவுக்கு உதவிய தொண்டு நிறுவனத்தார், உள்ளே பொருத்தியிருக்கிற லைப்ரரிகளின் எண்கள் எல்லாம் அதில் தெரியவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குகதாசன் உட்கார்ந்து, வரைபட லைப்ரரிக்கு நேரே 'ஏழு தசம் இரண்டு' என்று கையால் தட்டி எழுதினார். அன்றைக்கு உள்ளே இருந்தது ஆறு தசம் நாலு. பொய் எழுத வேண்டுமென்று எழுதவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு தசம் இரண்டைப் பொருத்தத்தானே போகிறோம், எண்ணை முதலே எழுதிவைத்தால் ஒரு வேலை முடிந்தது என்ற நல்லெண்ணம். சாப்பாட்டுக்குப் பிறகு பொருத்திப் பார்த்தால் செயலி பல இடங்களில் ஓடமாட்டேன் என்று முறைத்தது. பழையதையே திரும்ப வைத்துவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று எழும்பினார். அடுத்த நாள் வேறொரு வேலை. அதற்கடுத்த நாள் மழை. பிறகு அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து, தான் எழுதியதைத் தானே வாசித்து, ஏழு தசம் இரண்டு இருக்கிறது என்று அறிந்துகொண்டார். தன் கையெழுத்தை இவ்வளவு நம்புகிற மனிதரை வேறு எங்கு காண்பீர்கள்?

சோளகம் வீசுகிற காலம். அந்தக் காற்று முல்லைத்தீவுப் பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். இயந்திரம் நின்ற படகைக் கேட்டுக் கேள்வியில்லாமல் கொண்டுபோய்விடும். அளம்பில் ஸ்ரனிஸ்லஸ் விடியப்புறம் தனியே படகை இறக்கினார். வழக்கமாகக் கூட வருகிற மைத்துனன் யாக்கோப்புக்கு அன்று காய்ச்சல். காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பவேண்டிய மனிதர், வெயில் ஏறியும் வரவில்லை. அவருடைய மனைவி புனிதம் கைபேசியைத் திறந்து பார்த்தாள். படகு நீலமாக, அழகாக, கரைக்கு எதிரே அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால் நின்றது. கீழே 'இப்போது' என்று இருந்தது. அவள் கைபேசியும் கையுமாகக் கரைக்குப் போனாள். அந்த இடம் அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

செயலியில் உதவிக்கு என்று கொடுத்திருந்த இலக்கத்துக்கு அழைத்தாள். கிளிநொச்சியில் குகதாசன் எடுத்தார். அந்த நேரத்தில் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. கூட வேலை செய்யும் ஸாஜிதா கனகராயன்குளத்திலிருந்து வருகிற பஸ்ஸில் இருந்தாள்.

புனிதம் தன் பெயரைச் சொன்னாள், புருஷனின் பெயரைச் சொன்னாள், படகு கரைக்கு எதிரே நிற்பதாகக் காட்டுகிறது, ஆனால் ஆளைக் காணவில்லை என்று சொன்னாள். குகதாசன் கதிரையில் சாய்ந்தார்.

"அக்கா, என்ன வேர்ஷன் எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் பொறுமையாக, இந்த இனத்துக்கே உரிய அந்த இனிப்பான பொறுமையோடு, மேலே மூன்று கோடு இருக்கும் என்றும், அதைத் தொட்டால் 'எம்மைப் பற்றி' என்று வரும் என்றும், அதற்குள்ளே போய் வரைபடம் என்ற வரிக்கு நேரே என்ன இருக்கிறதென்று வாசிக்கும்படியும் சொன்னார். வெயிலில் திரை தெரியவில்லை. அவள் சேலைத் தலைப்பை மேலே பிடித்து நிழல் செய்துகொண்டு வாசித்தாள்.

"ஏழு தசம் ரண்டு எண்டு கிடக்கு."

"அப்ப பிரச்சினையில்லை அக்கா. ஏழில அந்தப் பிழை வராது. நீலமாக் காட்டினால் படகு அங்கதான் நிக்குது."

"தம்பி, நான் கரையிலதான் நிக்கிறன். கண்ணுக்கு முன்னால கிடக்கிற இடம். அதில ஒரு படகுமில்லை."

"வடிவாப் பாருங்கோ. அலை மறைக்கும்."

இதை அவர் கிளிநொச்சியிலிருந்து சொன்னார். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஜன்னலால் பார்த்தால் ஏ-ஒன்பது வீதியும் ஒரு சீமெந்து லொறியும் மட்டும் தெரிகிற இடத்திலிருந்து, கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணுக்குக் கடலில் என்ன நிற்கிறது என்று சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவளிடம் இருந்தது வெறும் கண். அவரிடம் எண் இருந்தது.

நல்லவேளையாகப் புனிதத்துக்கு எண்ணில் அவ்வளவு பக்தி இல்லை. அழைப்பை வைத்துவிட்டு அண்ணன் யாக்கோப்பின் வீட்டுக்கு ஓடினாள். காய்ச்சலோடு போர்த்துக்கொண்டு கிடந்த யாக்கோப்பு போர்வையை உதறி எழும்பி, கரையிலுள்ள மீன்பிடிக் கொட்டிலான வாடியில் நின்றவர்களைக் கூப்பிட்டார். இரண்டு படகுகள் இறங்கின. திரை காட்டிய இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரம் விடியப்புறமே நின்றிருந்தால் சோளகம் இந்நேரம் எவ்வளவு தள்ளியிருக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று தங்களுக்குள் கதைத்து, நாயாற்றுப் பக்கமாக வெளிக்கடலுக்கு ஓடினார்கள். புனிதம் கரையிலேயே நின்றாள். கைபேசியில் படகு அசையாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. பார்க்காமல் இருக்கவும் பயம் வந்தது.

பொழுது சாயத் தொடங்கும்போது ஸ்ரனிஸ்லஸைக் கண்டார்கள். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், குடிதண்ணீர் முடிந்து, உதடு வெடித்து, இயந்திரத்தைக் கழற்றிப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். படகை இறக்கும்போதே அலை ஒன்று ஏறிக் கைபேசியை நனைத்து அணைத்துவிட்டது. செயலிக்குத் தெரிந்த கடைசிச் செய்தி அதுதான். யாக்கோப்பு அவரைத் தூக்கித் தன் படகில் வைத்துத் தண்ணீர் கொடுத்தபோது, புதுக் கைபேசி நனைந்தது புனிதத்துக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டாராம்.

கரைக்கு வந்து படகைக் கட்டிய பிறகு யாக்கோப்பு நிறுவனத்துக்கு அழைத்தார். அந்த அழைப்பை ஸாஜிதா எடுத்தாள். அவர் சத்தம் போடவில்லை. ஆள் கிடைத்துவிட்டார், உங்கள் படகு இன்னும் கரைக்கு எதிரே நிற்கிறது, வந்து கட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸாஜிதா அடங்கிய பிள்ளை என்று நினைக்க வேண்டாம். வாய்க்கு வாய் கொடுக்கக்கூடியவள். குகதாசனோடு இருந்து அதே செயலியின் பாதியை எழுதியவள். அந்தப் பக்கத்தைப் பலதரம் பார்த்து, ஒருதரமும் சந்தேகப்படாதவள். இப்போது இரண்டு கைபேசிகளை மேசையில் வைத்து, ஒன்றைப் படகாக்கி, அதன் இணைப்பை நிறுத்திப் பார்த்தாள். படகு நீலமாகவே நின்றது. 'இப்போது' என்றது.

ஏழில் இப்படி வரக்கூடாதே என்றாள். குகதாசன் கைபேசிகளைக் குறை சொன்னார். அவள் வேறு இரண்டை எடுத்தாள். அதிலும் நீலம்.

"அண்ணை, நாங்கள் எழுதினதை விடுங்கோ. லைப்ரரியிட்டயே கேட்டுப் பாப்பம்."

எல்லா ஒழுங்கான லைப்ரரியும் தன் எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்தபடி, நீ எந்த வேர்ஷன் என்று அதைக் கேட்கலாம், அதுவே சொல்லும். ஒற்றை வரி வேலை. ஊரையெல்லாம் வேர்ஷன் கேட்ட குகதாசன், கேட்டால் உண்மையாகப் பதில் சொல்லக்கூடிய அந்த ஒன்றிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஸாஜிதா கேட்டாள். வெள்ளைத் திரையில் பதில் வந்தது. ஆறு தசம் நாலு.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தலையில் கை வைப்போம். குகதாசன் செய்தது வேறு. அது பிழையாக வாசிக்கிறது என்றார். அவள் திரும்பவும் கேட்டாள். அது திரும்பவும் ஆறு தசம் நாலு என்றது. அவர் சிறிது யோசித்தார். பிறகு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"லைப்ரரியைச் செய்தவங்கள் உள்ளுக்கு நம்பரை மாத்த மறந்திட்டாங்கள் போல. பொறுப்பில்லாத வேலை."

ஸாஜிதா கணினிக்குத் திரும்பினாள். செயலியைக் கட்டும்போது எதை எதை உள்ளே எடுக்கவேண்டும் என்று சொல்லும் கோப்பைத் திறந்து, கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் ஆறு தசம் நாலு என்று இருந்தது, அவரே இட்டபடி. கரையில் நின்று யாரோ ஓர் எண்ணை வாசித்த குரல் குகதாசனுக்குள் ஒருதரம் வந்து போனது. வடிவாப் பாருங்கோ என்று தான் சொன்னதும் வந்தது. அது போக மறுத்தது. அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, ஆறாம் வரிசையின் குறைகளைப் பற்றி ஸாஜிதாவுக்கு விளக்கத் தொடங்கினார்.

அந்த வாரம் முழுவதும் இருவரும் இருந்து புதியதைப் பொருத்தினார்கள். செயலி முறைத்த இடமெல்லாம் திருத்தினார்கள். 'எம்மைப் பற்றி' பக்கத்தில் கையால் எழுதிய எண்ணை ஸாஜிதா அழித்து, லைப்ரரியே தன் எண்ணைச் சொல்லும்படி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் எல்லோரும் இருப்பார்கள் என்று இருவரும் அளம்பிலுக்குப் போனார்கள். தர்மபுரம் தாண்டும்வரை குகதாசன் வசனங்களை மனதுக்குள் அடுக்கி அடுக்கிக் கலைத்தார். உடையார்கட்டு வந்ததும், எப்படிச் சொல்லவேண்டும் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

சங்கக் கட்டடத்தில் எழும்பி நின்று பேசினார். பழைய வேர்ஷனில் ஒரு பிரச்சினை கண்டுபிடிக்கப்பட்டது. அது உடனடியாகத் திருத்தப்பட்டது. புதிய வேர்ஷன் வெளியிடப்பட்டுள்ளது. ஒரு வாக்கியத்திலாவது ஆள் இருந்ததா? இல்லை. எல்லாம் தானாகவே நடந்திருந்தது. பிழை தானாக முளைத்து, தானாகக் காய்த்து, தானாக உதிர்ந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த சிலர் நன்றி கூடச் சொன்னார்கள். ஸ்ரனிஸ்லஸ் முன் வரிசையில் இன்னொரு புதுக் கைபேசியோடு உட்கார்ந்து தலையாட்டினார்.

புனிதம் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பினாள்.

"தம்பி, அண்டைக்கு என்னை வாசிக்கச் சொன்ன நம்பரை ஆர் எழுதினது?"

"அது சிஸ்டத்தில இருந்தது அக்கா."

"சிஸ்டம் எண்டது ஆர்?"

கடல் இரைகிற சத்தம் கேட்டது. ஸாஜிதா அவரைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒரு சொல் போதும். 'நான்' என்ற இரண்டே எழுத்து. அது குகதாசனின் தொண்டைவரை வந்ததும் உண்மை. வந்து, அங்கே இருந்த சனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"எங்கட ரீம்தான் அக்கா, எல்லாருமாச் சேந்துதான்," என்றார்.

ஸாஜிதாவின் புருவம் மேலே போனது. புனிதம் அந்தப் புருவத்தைக் கண்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அப்ப அந்த ரீமுக்குச் சொல்லிவிடுங்கோ," என்றாள். "கரையில நிண்டு ஒரு பொம்பிளை படகு இல்லை எண்டால், படகு இல்லை."

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரனிஸ்லஸ் நிலத்தைப் பார்த்தார். குகதாசன் கைபேசியை எடுத்து, அந்த வாக்கியத்தை 'பாவனையாளர் ஆலோசனை' என்ற தலைப்பின்கீழ் குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது வாகனத்தில் யாக்கோப்பு கொடுத்தனுப்பிய பாரை மீன் ஒன்று இருந்தது. அது ஸாஜிதாவுக்கு என்று பெயர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

இவ்வளவும் வாசித்து நன்றாகச் சிரித்திருப்பீர்கள். இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஓரிரு பெயர்களும் மனதில் வந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உங்கள் மனைவியின் அண்ணன். அனுப்புங்கள், தடையில்லை. அதற்கு முதல் ஒரு சின்ன வேலை. உங்கள் கலியாணப் பேச்சின்போது 'நிதானமானவர், பொறுமைசாலி, மற்றவர் சொல்லைக் கேட்டு நடப்பவர்' என்று தரகருக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தாரே, அது அன்றிலிருந்து அப்படியே வெளியில் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளே போய், நெடுநாளாய் உங்களோடு இருக்கிறவரிடம், நான் உண்மையில் எந்த வேர்ஷன் என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் வேறாக வந்தால், அவர் பிழையாக வாசிக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.